கார்ட்டூன் படிப்புக்குக் கடன் கேட்குமுன்

(தேசூரில் நடந்த கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



என் பொண்ணு அனிமேஷன் படிக்கணும்னு நின்னப்போ, "பொம்மைப் படம் சோறு போடுமா?"ன்னுதான் கேட்டேன். பிறகு குழுக் கடன் வாங்கி ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தேன். ஆறு மாதம் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தார்கள். கூட உட்கார்ந்து திருத்த ஆளில்லை. கடன்தான் மிச்சம்.

அதற்கப்புறம்தான் விசாரித்தேன். 1956-ல் டிஸ்னி கலைஞர் கிளேர் வீக்ஸ், பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து இளைஞர்களைப் பக்கத்தில் வைத்துத் தொழில் பழக்கினார். அப்படிப் பழகிய ராம் மோகன் 1972-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். பெண் குழந்தைகளுக்காக யூனிசெஃப் கொண்டுவந்த மீனா படங்களில் அவருக்குப் பெரும் பங்கு.

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படம், நிமிடத்துக்கு 1,440. பட்டுச்சேலைக்கு கிராஃப் தாளில் கட்டம் கட்டமா டிசைன் போடுறோமே, அந்தப் பொறுமைதான். அது நம்ம பிள்ளைகளுக்கு உண்டு. ஆனா கூலித் தறி, சொந்தத் தறி வித்தியாசம் அங்கேயும் இருக்கு. வரைகிறவருக்குக் கூலி. கதையைத் தேர்ந்து, பணம் திரட்டி, ஆள் வைத்து, சொன்ன நாளில் முடித்துக் கொடுப்பவர் தயாரிப்பாளர். படத்தின் உரிமை யார் பேரில் என்று ஒப்பந்தத்தில் பார்ப்பதும் அவர்தான். இதெல்லாம், படம் தயாரித்த ஒருவர் கணக்கு நோட்டைக் காட்டிச் சொன்னால்தான் வரும்.

அதனால கடன் மனு வந்தா, சொல்லித் தருபவர் என்ன படம் எடுத்திருக்கார், பிள்ளைகளை நிஜ வேலையில் சேர்ப்பாரா, செலவுக் கணக்கு போடக் கற்றுத் தருவாரான்னு கேளுங்க. பீஸை ஒரே தடவையில் கட்டாதீங்க.

என் பொண்ணு இப்போ சின்ன ஸ்டுடியோவில் இருக்கா. சம்பளம் கம்மிதான். ஆனா முதலாளியம்மா பட்ஜெட் போடும்போது அவளையும் உட்கார வைக்கிறாங்க. நம்ம குழுக் கடனில் இன்னும் நாலு தவணை பாக்கி.