அம்மா படிக்கப் போகிறாள்

(குடும்ப நலத் தம்பதியர் கூட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. ஊசி போடச் சொன்னால் போடுவேன், பிரசவம் பார்க்கச் சொன்னால் பார்ப்பேன். "என்ன பேசுறது?" என்று நம் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டேன். "ஒரு புள்ளைக்குத் தாயான பிறகு நீ எப்படிப் படிச்சேன்னு சொல்லும்மா, அது போதும்" என்றார். அதையே சொல்கிறேன். இது என் ஒருத்தியின் பெருமை அல்ல. என் வீட்டுக்காரர், என் மாமியார், என் மகள் எல்லோரும் சேர்ந்து படித்த படிப்பு இது.

ஆம்புலன்ஸ் வேலை

நம் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது. நான் விலங்கியல் பட்டப் படிப்பு முடித்துவிட்டு, 2010இல் அதில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்தேன். சில வாரப் பயிற்சி, பிறகு நேராக வண்டி. முன்னால் ஓட்டுநர், பின்னால் நோயாளியோடு நான். பன்னிரண்டு மணி நேர வேலை. விபத்து, விஷக்கடி, நெஞ்சுவலி, பிரசவ வலி, எதற்குக் கூப்பிட்டாலும் போக வேண்டும். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் போனில் கேட்டுச் செய்வோம். கல்யாணமான பிறகும் அந்த வேலையை விடவில்லை. 2013இல் மகள் பிறந்தாள். பிறகும் போனேன்.

அந்த வேலையில் ஒரு குறை உண்டு. ஆஸ்பத்திரி வாசலோடு நம் வேலை முடிந்துவிடும். நோயாளியை ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த அழைப்புக்கு ஓட வேண்டும். பின்னால் என்ன ஆயிற்று என்று பெரும்பாலும் தெரியாது.

ஒரு மழைக்கால இரவு. மலைக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணை ஏற்றி வந்தோம். பாதி வழியிலேயே வண்டியில் குழந்தை பிறந்துவிட்டது. குழந்தையைத் துடைத்து, தாயின் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்தி, பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இரண்டு நாள் கழித்து வேறொரு நோயாளியோடு அதே ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அந்தப் பெண்ணின் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நீ விட்டுட்டுப் போன கொஞ்ச நேரத்துல ரத்தம் கொட்ட ஆரம்பிச்சிருச்சு தாயி. அந்த நர்சம்மா கால் மணிக்கொரு தடவை வந்து வயித்தைத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அவுங்கதான் கண்டுபிடிச்சு டாக்டரைக் கூப்பிட்டாங்க. இல்லேன்னா என் மக இல்ல."

பிரசவமான முதல் இரண்டு மணி நேரம், கால் மணி நேரத்துக்கு ஒரு முறை தாயைப் பார்க்க வேண்டும். கருப்பை இறுகியிருக்கிறதா, ரத்தப்போக்கு எவ்வளவு, நாடி எப்படி என்று பார்க்க வேண்டும். அலுத்துப் போகாமல் அதைச் செய்த ஒரு செவிலியர் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார். கொண்டுவந்து சேர்த்தது நான், காத்தது அவர். அன்றைக்குத்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நானும் செவிலியர் ஆக வேண்டும்.

வீட்டில் போட்ட கணக்கு

என் வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி லோடு ஓட்டுபவர். அவரிடம் சொன்னேன். "படிச்சா நல்லதுதான். ஆனா மூணு வருஷம் உன் சம்பளம் இல்லாம எப்படி?" என்றார். கோபித்துக்கொண்டு கேட்கவில்லை, கணக்காகத்தான் கேட்டார். மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து இருவரும் எழுத உட்கார்ந்தோம்.

முதலில் பணம். அரசுச் செவிலியர் பள்ளியில் இடம் கிடைத்தால் கட்டணம் குறைவு. ஆனால் மாதச் சம்பளம் நின்றுவிடும். இருக்கிற நகையில் எதைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைப்பது, எதைத் தொடாமல் வைப்பது, சுய உதவிக் குழுக் கடனை எப்போது முடிப்பது என்று எழுதினோம். மூன்று தீபாவளிக்குப் புதுத்துணி குழந்தைக்கு மட்டும் என்று முடிவு செய்தோம்.

இரண்டாவது குழந்தை. பள்ளி விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். மகளுக்கு அப்போது மூன்று வயது. மாமியார் கொதித்துப் போனார். "பச்சப் புள்ளைய விட்டுட்டு ஆஸ்டல்ல போயி இருப்பாளாம். ஊரு என்னடா சொல்லும்?" என்று மகனிடம் சண்டை. நான் பதில் பேசவில்லை. என் வீட்டுக்காரர்தான் பேசினார். "ராத்திரி லோடை விட்டுர்றேன் ஆத்தா. பகல் லோடு மட்டும் ஓட்டுறேன். காலையில புள்ளையக் குளிப்பாட்டி அங்கன்வாடியில விடுறது என் பொறுப்பு. மத்தியானத்துக்கு மேல நீ பாத்துக்க, போதும்."

பத்து நாள் அத்தை முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினோராம் நாள் என்னிடம் வந்து, "புள்ளைய நான் பாத்துக்கிறேன். ஆனா சனிக்கிழமை சாயங்காலம் நீ வீட்டுல இருக்கணும். வரலேன்னா புள்ளையத் தூக்கிக்கிட்டு நானே ஆஸ்டலுக்கு வந்துருவேன்" என்றார். அதுதான் சம்மதம்.

பள்ளியில் நான் கற்ற முதல் பாடம்

2016இல் மூன்றாண்டு செவிலியர் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். வகுப்பில் மற்றவர்கள் பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்கள். எல்லோரும் என்னை "அக்கா" என்றார்கள். ஆறு வருஷம் ஆம்புலன்ஸில் வேலை பார்த்திருக்கிறோமே, ஏதாவது பாடம் குறையுமா என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. ஒன்றும் குறையாது. கட்டில் விரிப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒருநாள் வார்டில் நாடி பார்த்தேன். வண்டியில் அவசரத்தில் செய்கிறபடி பதினைந்து விநாடி எண்ணி, நாலால் பெருக்கி எழுதினேன். ஆசிரியை பின்னால் நின்று பார்த்திருக்கிறார். "ஏம்மா, இப்ப உனக்கு என்ன அவசரம்? வண்டி காத்துக்கிட்டு நிக்குதா? முழு நிமிஷம் எண்ணு" என்றார். முகம் சுருங்கிப் போயிற்று. மறுபடி ஒரு நிமிடம் எண்ணினேன். நாடி சீராக இல்லை, நடுநடுவே விட்டு விட்டு அடித்தது. அவசரக் கணக்கில் அது என் கைக்குத் தப்பிவிட்டது.

ஆம்புலன்ஸில் வேகம் உயிரைக் காக்கும். வார்டில் பொறுமை உயிரைக் காக்கும். தெரிந்த ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாகக் கற்பது, ஒன்றும் தெரியாமல் கற்பதைவிடக் கஷ்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லி, குழந்தையின் மூச்சை முழு நிமிடம் எண்ணுவது எப்படி என்று அவருக்கும் காட்டினேன். விளையாட்டாகத்தான் காட்டினேன்.

அந்த இரவு

முதல் ஆறு மாதம் எங்கள் வீட்டில் எல்லோருக்குமே சோதனை. ஒரு சனிக்கிழமை நான் வாசலில் நுழைந்ததும் மகள் ஓடி வருவாள் என்று பார்த்தால், பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இரவுவரை என் பக்கம் வரவில்லை. அன்று படிப்பை விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். அத்தைதான், "புள்ள கோவம் பால் பொங்குற மாதிரி, தானா அடங்கும். நீ அழுவாத" என்றார்.

இந்தப் பக்கம் என் வீட்டுக்காரருக்கு டீக்கடையில் கிண்டல். "பொண்டாட்டி படிக்கிறா, இவரு சடை பின்னுறாரு" என்றார்களாம். "என் புள்ளைக்கு நான் பின்னாம ஊருக்காரனா வந்து பின்னுவான்?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

பிறகு ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு விடுதிக்குப் போன் வந்தது. குழந்தைக்கு இரண்டு நாளாகச் சளி, காய்ச்சல். "மூச்சு ஒரு மாதிரி இருக்கு" என்றார். "தூங்கும்போது சட்டையைத் தூக்கி வயித்தைப் பாருங்க. முழு நிமிஷம் எண்ணுங்க" என்றேன். போனைக் கையில் வைத்தபடியே எண்ணினார். ஐம்பத்திரண்டு. மறுபடி எண்ணச் சொன்னேன். ஐம்பத்து மூன்று.

தாய்மார்களே, இதை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது வேகமான மூச்சு. சளிக்காய்ச்சல் நுரையீரலைப் பிடித்திருக்கலாம். தாமதிக்காமல் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தாலோ, குழந்தை எதையும் குடிக்க முடியாமல் துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ ஒரு நிமிடமும் வீட்டில் வைக்கக் கூடாது.

"108ஐக் கூப்பிடுங்க" என்றேன். நான் எத்தனையோ வீட்டு வாசலில் போய் இறங்கிய அதே வண்டி என் வீட்டு வாசலுக்குப் போயிற்று. விடியற்காலை முதல் பஸ் பிடித்து நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நிமோனியா. பக்கத்தில் ஒரு செவிலியர் கையில் கடிகாரத்தோடு நின்று மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். முழு நிமிடம் எண்ணினார். ஐந்தாம் நாள் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்த ஐந்து நாளும் எனக்கு விடுப்பு. செவிலியர் படிப்பில் தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். வார்டுப் பயிற்சியிலோ ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. குறைந்த நாளை ஈடுசெய்த பிறகுதான் பட்டயம் கிடைக்கும். மற்றவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது நான் வார்டில் நின்று அந்த நாட்களைக் கழித்தேன். விதி கடுமைதான். ஆனால் அந்த ஆஸ்பத்திரி இரவை நினைத்தால், அந்த விதி ஏன் என்று எனக்கே தெரியும்.

அடுத்த குழந்தை எப்போது?

நான் பள்ளியில் சேருமுன் உறவினர்கள் சொன்ன யோசனை ஒன்று உண்டு. "ஒன்னோட நிக்காத. ரெண்டாவதையும் பெத்துப் போட்டுட்டுப் போ." இன்னொரு சாரார், "படிப்பு நடக்கும்போது தங்கினா அப்பப் பாத்துக்கலாம்" என்றார்கள். நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்தோம். படிப்பு முடிகிறவரை அடுத்த குழந்தை வேண்டாம். வார்டு வேலை, இரவுப் பணி, தேர்வு, இதற்கு நடுவே கர்ப்பம் என்றால் தாயின் உடம்பும் கெடும், படிப்பும் நின்றுபோகும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காப்பர்-டி போட்டுக்கொண்டேன். இது பத்து ஆண்டுவரை பலன் தருவது. வேண்டாம் என்றால் எந்த நாளும் எடுத்துவிடலாம். "அது வயித்துக்குள்ள ஏறிப் போயிரும், அப்புறம் புள்ளையே தங்காது" என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. படிப்பை முடித்து, வேலையில் நின்று, பிறகு எடுத்தேன். 2021இல் மகன் பிறந்தான். அதுவே அவர்களுக்குப் பதில்.

காப்பர்-டி எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்ல மாட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, மாத்திரை, ஆணுறை எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கின்றன. எது உங்களுக்குப் பொருந்தும் என்று செவிலியரிடமும் டாக்டரிடமும் கேட்டு, கணவனும் மனைவியும் சேர்ந்து தீர்மானியுங்கள். படிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு பிள்ளைகளுக்கு இடையே மூன்று ஆண்டாவது இடைவெளி இருப்பது தாய்க்கும் நல்லது, குழந்தைக்கும் நல்லது.

ஏமாறாதீர்கள்

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "ஆறே மாதத்தில் நர்ஸ் ஆகலாம்" என்று பஸ் நிலையத்தில் போர்டு பார்த்திருப்பீர்கள். ஆறு மாதத்தில் யாரும் செவிலியர் ஆக முடியாது. அந்தப் பள்ளிக்கு இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாட்டுச் செவிலியர் கவுன்சில் இரண்டின் அங்கீகாரமும் உண்டா என்று பாருங்கள். படிப்பு முடிந்து கவுன்சிலில் பெயர் பதிவானால்தான் நீங்கள் செவிலியர். அங்கீகாரமில்லாத இடத்தில் நகையை விற்றுக் கட்டிய பணம் திரும்பாது, போன வருஷமும் திரும்பாது. வயது வரம்பு, மதிப்பெண் விவரங்களை அந்தந்த ஆண்டு விளக்கக் குறிப்பில் படித்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

முடிவாகச் சில வார்த்தை

என் மகள் இப்போது பெரியவள். தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் சட்டையைத் தூக்கி அவளே மூச்சை எண்ணுகிறாள். "முழு நிமிஷம் எண்ணணும்பா" என்று தகப்பனுக்கே பாடம் சொல்கிறாள். நாங்கள் மூன்று வருஷம் கஷ்டப்பட்டதற்கு அதுவே எனக்குப் போதும்.

இங்கே உட்கார்ந்திருக்கிற தங்கைகளில் யாருக்காவது படிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், இன்று இரவே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். தம்பிமார்களே, மனைவி சொல்லும்போது "முடியாது" என்று முதல் வார்த்தை சொல்லாதீர்கள். ஒரு நோட்டை எடுத்து எழுத உட்காருங்கள். இது தகப்பன் படிக்கப் போனாலும் பொருந்தும். செவிலியர் வேலைக்கு ஆண்களும் வருகிறார்கள்.

நினைவில் வையுங்கள்:

1. சேருமுன் இருவரும் உட்கார்ந்து பணம், குழந்தை, வீட்டுவேலை மூன்றுக்கும் கணக்கு எழுதுங்கள்.

2. குழந்தையைப் பார்த்துக்கொள்வதில் தகப்பனுக்கு இன்ன வேலை என்று முன்கூட்டியே ஒதுக்குங்கள். "முடிஞ்சா பாக்குறேன்" என்பது கணக்கில் சேராது.

3. குழந்தையின் ஆபத்து அறிகுறிகளை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். அவசரத்துக்கு 108.

4. அடுத்த குழந்தை எப்போது என்பதைப் படிப்புக்கு முன்பே தீர்மானியுங்கள்.

5. அங்கீகாரம் பார்த்துப் பணம் கட்டுங்கள்.

சேருவது ஒருவர், படிப்பது குடும்பம்.