சொத்தைக் கடலையும் 249ஆவது இடமும்



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அவரை மியன்மாரின் இன்சீன் ரயில்வே பட்டறையில் எல்லாரும் ‘மேஸ்திரி’ என்றே அழைப்பார்கள். கல்லீரல் புற்றுநோயில் போனார். வாழ்நாளில் மது தொடாதவர். “குடிக்காத மனுசனுக்கு இந்த நோய் எப்படி வந்தது?” என்று இழவு வீட்டிலேயே கேட்டார்கள். அவர் கட்டியை மரபணு வரைக்கும் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு இன்று விஞ்ஞானத்தில் ஒரு பதில் இருக்கிறது.

நம் செல்களில் பி53 என்றொரு புரதம் உண்டு. 393 அமினோ அமிலங்கள் கோத்த சரம். நான்கு சரங்கள் சேர்ந்து டிஎன்ஏவைக் கவ்விப் பிடிக்கும். டிஎன்ஏ பழுதானால், செல் பிரிவதை நிறுத்தும் மரபணுக்களை இது முடுக்கிவிடும். பழுது தீராவிட்டால் செல்லையே சாகடித்துவிடும். 1979இல் கண்டுபிடித்தார்கள். பத்து வருடம் இதையே புற்றுநோய்க்குக் காரணம் என்று நம்பினார்கள்! ஆய்வுக்கூடத்தில் கையில் கிடைத்தவை அதன் மரபணுவின் ஏற்கெனவே கெட்டுப்போன படிகள். இது காவல்காரன் என்று 1989இல்தான் தெளிந்தது.

1991இல் சீனாவின் சீடோங் வட்டாரத்துக் கல்லீரல் கட்டிகள் 16ஐப் பரிசோதித்தார்கள். 8இல் பி53இன் 249ஆவது இடத்திலேயே கோளாறு. அவற்றில் 7இல் டிஎன்ஏவின் ஜி என்ற எழுத்து டி ஆகியிருந்தது. அங்கே இருக்க வேண்டிய அர்ஜினின் என்ற அமினோ அமிலம் போய்ச் செரின் வந்துவிட்டது. அர்ஜினின் டிஎன்ஏவை நேரே தொடுவதில்லை. தொடும் வளையத்தை நிமிர்த்தி வைத்திருப்பது அதுதான். அது போனதும் பிடி தளர்ந்துவிடுகிறது. தென் ஆப்பிரிக்கப் பகுதிக் கட்டிகளிலும் அதே ஆண்டில் அதே இடம் சிக்கியது.

இரண்டு பகுதிக்கும் பொதுவாக இருந்தவை கல்லீரல் அழற்சி பி வைரஸும், கடலையிலும் சோளத்திலும் பூக்கும் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளடாக்சினும். கல்லீரல் இந்த நஞ்சைச் செரிக்கப் போக, அது ஜி எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். படியெடுக்கும்போது எழுத்து பிசகும். வைரஸ் தாக்கிய கல்லீரலோ ஓயாமல் செல்களைப் புதுப்பிக்கும். படியெடுப்பு கூடக்கூடப் பிசகும் கூடும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தபோதுதான் இந்த நஞ்சு வெளிச்சத்துக்கு வந்தது. தீவனத்தில் பிரேசில் கடலைப் புண்ணாக்கு கலந்திருந்தது.

மியன்மாரில் 2015 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 6.5 பேர் பி வைரஸைச் சுமந்தார்கள். குழந்தைகளுக்கு 2003 முதல் தடுப்பூசி உண்டு. கடலைக்கு ஊசி கிடையாது. வெயிலில் காய்ந்து, காற்றோட்டமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வறுத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. சொத்தையை வாய் கண்டுபிடித்துத் துப்பிவிடும், செக்கு துப்புமா?

மேஸ்திரி வீட்டுச் சமையற்கட்டில், மழைக்காலம் முழுக்க, கடலை மூட்டை ஓதம் ஏறிய சுவரில் சாய்ந்தே கிடக்கும். நான் பிடி பிடியாய் அள்ளித் தின்றிருக்கிறேன். கசந்தால் வாசலில் துப்பிவிட்டு, அடுத்த கடலையை உரிப்பேன்.