ஆசான் இல்லாத ஆறு நாட்கள்

(இளைஞர் மன்றக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



பொங்கல் விழாவில் கம்பு சுழற்றுவோரைச் சுற்றி ஊரே கூடி நிற்கிறது, பறை முழங்குகிறது. அவ்வேளையில் எவருக்கும் ஊக்கம் குறைவதில்லை. விழா முடிந்த மறுவாரம் களத்திற்கு வருவோர் எத்தனை பேர்? ஆசான் பல ஊர்களுக்குச் சென்று கற்பிப்பவர். நம்மிடம் வருவது வாரத்தில் ஒரு நாள். மற்ற ஆறு நாட்களும் நமக்குக் கம்பே துணை. இக்கலை நம்மிடம் நிலைப்பதும் நழுவுவதும் அந்த ஆறு நாட்களைப் பொறுத்தனவே.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இது நமக்குப் பெருமையே. ஆயினும், எங்கோ தொலைவிலுள்ள பதக்கம் பனிக்காலத்து விடியலில் நம்மைப் பாயிலிருந்து எழுப்பாது. எழுப்புவது பழக்கம் ஒன்றே. ஊக்கம் வந்தபின் பயிலலாம் என்றிருப்பது, மழை தொடங்கியபின் ஏரியைத் தூர் வாரலாம் என்றிருப்பதற்கு ஒப்பாகும்.

ஆதலால் முதலில் அளவைச் சிறிதாக வகுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் என்று தொடங்கி மூன்றாம் நாள் கைவிடுவதினும், நாள்தோறும் 20 நிமிடம் பயில்வது மேல். இடமும் வேளையும் மாறாதிருக்கட்டும். மேலே மின்கம்பியும் குறுக்கே ஓடும் குழந்தைகளும் இல்லாத இடமாக அது அமையட்டும்.

இரண்டாவதாக, தனியே பயில்வோர் தமக்கு எளிதாக வருவதையே திரும்பத் திரும்பச் செய்வர், விரைவில் சலிப்பர். எனவே நாளுக்கு ஒரு வேலை வைப்போம். ஒரு நாள் கம்பின்றிக் காலடி மட்டும். மறுநாள் இடக்கை வீச்சு. அதற்கடுத்த நாள் தடுப்பு. தரையில் சுண்ணாம்புக் கோடு இட்டால் அடி பிசகுவது தெரியும். காலை வெயிலில் நம் நிழலே நமக்குக் கண்ணாடி. கம்பின் சாய்வை அது மறைக்காமல் காட்டும்.

மூன்றாவதாக, ஒரு குறிப்பேடு வேண்டும். தடையின்றி எத்தனை வீச்சு வந்தது, எங்கே கை தடுமாறியது என்று இரண்டு வரி எழுதிவைப்போம். ஆசான் வரும் நாளில் கேட்பதற்கு ஒரு கேள்வியேனும் அதில் இருக்கட்டும். கேள்வியோடு காத்திருப்பவனுக்கு ஆறு நாட்கள் நீளமாகத் தோன்றா.

அறுவடையாலோ காய்ச்சலாலோ ஒரு நாள் தவறினால், மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய முனைய வேண்டாம், தோள்தான் நோகும். வழக்கமான அளவையே தொடர்வோம்.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடியலில் தனியே கம்பு சுழற்றும் பிள்ளையைக் கண்டால், சற்று நின்று ஒரு நல்ல சொல் சொல்லுங்கள். ஆசானுக்கும் வயதாகிறது. அவர் கையிலுள்ள நுட்பம் யாவும் ஏட்டில் இல்லை. நாளை அவருடைய இடத்தில் நின்று கற்பிக்கப்போகிறவர், இன்று எவரும் பாராதபோதும் பயில்பவரே.