அடியைப் பார்த்து அறியுங்கள்



பழைய சாமான் கடைகளில் துருப்பிடித்த இஸ்திரிப் பெட்டிக்கும் உடைந்த கடிகாரத்துக்கும் நடுவே, மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு குவளையோ தேநீர்க் கெண்டியோ கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். "அலுமினியம்தான், ஐந்து வெள்ளி கொடுத்துவிட்டு எடுத்துப் போங்கள்" என்பார் கடைக்காரர். ஒருவேளை அது பியூட்டராக இருக்கலாம். அதை அடையாளம் காண்பது எப்படி? வீட்டில் அதைப் புழங்கலாமா? இந்த இரண்டு கேள்விகளையும் இன்று பார்ப்போம்.

பியூட்டர் என்ற பெயர் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். அதில் உள்ள உலோகம் நமக்குப் பழக்கமானதுதான். ரசம் வைக்கும் ஈயச்சொம்பை நம் பாட்டிமார் அறிவார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த ஈயம் வெள்ளீயம். தனியாக இருந்தால் அது மிக மென்மையானது. உறுதி வருவதற்காகச் சிறிது செம்பும் ஆண்டிமனி என்ற உலோகமும் சேர்த்து உருக்குகிறார்கள். அந்தக் கலவையே பியூட்டர். இன்று மலேசியாவில் செய்யப்படும் நல்ல பியூட்டரில் நூற்றுக்கு 92 முதல் 97 பங்கு வரை வெள்ளீயம் இருக்கிறது. லாருட்டிலும் கிந்தா பள்ளத்தாக்கிலும் சிலாங்கூரிலும் ஈய லம்பங்கள் தோண்டப்பட்ட கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த மண்ணில் கிடைத்த ஈயம்தான் இந்தத் தொழிலுக்கு இங்கே வேர்விட இடம் கொடுத்தது.

சரி, பொருள் கையில் இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

முதலில் தூக்கிப் பாருங்கள். வெள்ளீயம் தண்ணீரைப் போல ஏழு மடங்குக்கு மேல் கனம். அலுமினியம் மூன்று மடங்குகூட இல்லை. ஆகவே அதே அளவுள்ள அலுமினியக் குவளையைவிடப் பியூட்டர் குவளை நன்றாகக் கனக்கும். இரண்டாவதாக, ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு; மேலே முலாம் பூசியிருக்கிறார்கள். மூன்றாவதாக, தேய்ந்த விளிம்பைக் கவனியுங்கள். அங்கே மஞ்சளாகத் தெரிந்தால் உள்ளே இருப்பது பித்தளை. பியூட்டர் உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருக்கும். நெருப்பில் காட்டிச் சோதிக்க மட்டும் முயல வேண்டாம். 250 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குள்ளேயே பியூட்டர் உருகிவிடும். அடுப்பில் வைத்த கெண்டி கண்ணெதிரே குழைந்து போகும்.

இனி, பொருளைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அதன் வயதையும் ஊரையும் சொல்வது பெரும்பாலும் அங்கே குத்தப்பட்டிருக்கும் முத்திரைதான்.

"ராயல் சிலாங்கூர்" என்று இருந்தால் அது 1992-ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ செய்யப்பட்டது. அந்த ஆண்டில்தான் "சிலாங்கூர் பியூட்டர்" என்ற நிறுவனம் அந்தப் பெயரை ஏற்றது. எனவே "நூறு வருடப் பழமை" என்று யாராவது விலை சொன்னால் ஏமாறாதீர்கள். சீன எழுத்துகள் இருந்தால் பக்கத்து வீட்டுச் சீன நண்பரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். 1885-இல் சீனாவிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த யோங் கூன் என்ற கைவினைஞர்தான் அந்த நிறுவனத்துக்கு வித்திட்டவர். சீனர் வீட்டுப் பூசை மாடங்களுக்கு வேண்டிய ஊதுவத்திச் சாடிகளையும் விளக்குத் தண்டுகளையும் அவர் செய்தார்.

கைப்பிடி வைத்த மதுக்குவளையில் கிரீடமும், அதன் கீழ் "வி.ஆர்." என்ற எழுத்துகளும் இருந்தால், அது இங்கிலாந்தில் விக்டோரியா ராணி காலத்தில், அதாவது 1901-க்குள், அளவு சரி என்று அதிகாரிகள் குத்திய முத்திரை. வரிசையாக நான்கு சிறு முத்திரைகளைக் கண்டால் வெள்ளி என்று மகிழ்ந்துவிடாதீர்கள். வெள்ளிச் சாமான் முத்திரைகளைப் போலவே பியூட்டர்காரர்களும் குத்துவது உண்டு. வெறும் எண் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் விலைப்பட்டியல் எண். அதை ஆண்டு என்று எண்ணிவிட வேண்டாம். முத்திரையே இல்லாத பழைய பொருள்களும் உண்டு. அவற்றை அனுபவசாலிகளிடம் காட்டித்தான் அறிய வேண்டும்.

முத்திரையின் மதிப்பை உணர்த்த ஒரு கதை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு கிடங்கில் உணவு தேடிப் போனாராம் ஆ ஹாம் என்பவர். தரையில் கிடந்த முலாம்பழ வடிவக் கெண்டி ஒன்றை எடுக்கக் குனிந்தார். அந்த நொடியில் துப்பாக்கிக் குண்டு அவர் தலைக்கு மேலே பறந்தது. உயிர் தப்பியவர் கெண்டியைப் பத்திரமாக வைத்திருந்தார். பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அதன் அடியில் இருந்தது யோங் கூனின் முத்திரை! இப்படி அந்த நிறுவனத்தார் சொல்லி வருகிறார்கள். அந்தச் சிறு குறி தேய்ந்து போயிருந்தால் அது யாரோ செய்த ஏதோ ஒரு கெண்டியாகவே இருந்திருக்கும்.

ஆகவே தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பித்தளையைத் துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுப் பியூட்டரைத் தேய்க்காதீர்கள். கம்பி நாரும் ஆகாது. முத்திரை அழிந்தால் மதிப்பும் அழியும். வெதுவெதுப்பான நீர், சிறிது சவர்க்காரம், மெல்லிய துணி ஆகியவை போதும். அந்த மங்கல் நிறமும் பழமையின் அடையாளமே.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பழைய பியூட்டர் பலவற்றில் மலிவுக்காகக் காரீயம் கலந்திருக்கிறார்கள். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. காரீயம் நஞ்சு. சிறிது சிறிதாக உடலில் சேர்ந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு சேர்ந்தால் கெடுதல் இல்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறார்கள் மருத்துவ அறிஞர்கள். பாத்திரத்தின் விளிம்பை வெள்ளைத் தாளில் இழுத்துப் பாருங்கள். பென்சில்போலக் கருங்கோடு விழுந்தால் காரீயம் மிகுந்திருக்கக் கூடும். கோடு விழவில்லை என்பதற்காகக் காரீயமே இல்லை என்றும் முடிவு கட்டிவிட முடியாது. ஆதலால் பழைய பியூட்டரில் ரசம், மோர், எலுமிச்சைச் சாறு, தேநீர் எதையும் ஊற்றிக் குடிக்க வேண்டாம். பிள்ளைக்குப் பால் ஆற்றவும் வேண்டாம். அலமாரியில் அழகுக்கு வையுங்கள்.

விற்க நினைத்தால் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். முத்திரையைப் படம் எடுத்து, விவரம் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் காட்டி விலை கேளுங்கள். வீட்டில் வைத்துக்கொள்வதானால், அது யாருக்கு, எந்த ஊரில், எந்த ஆண்டில் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே போடுங்கள். கடையில் வாங்கியதோ, துரை பங்களாவில் வேலை பார்த்த பாட்டிக்குக் கிடைத்ததோ, எதுவானாலும் அதை எழுதி வைக்கலாம். செய்தவரின் பெயரை முத்திரை காக்கும். வைத்திருந்தவரின் பெயரை நீங்கள்தான் எழுதிக் காக்க வேண்டும்.