பாட்டனாரைத் தேடிப் போனபோது



பொன்விழாவில் எங்கள் குடும்ப வேர்களைத் தேடிய அனுபவத்தைச் சொல்லும்படி சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவர் சேர்ந்து பேசுகிறோம்.

நம்மில் பலருடைய முன்னோர் கடையநல்லூர், தென்காசிப் பக்கத்தவர்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்தார்கள். துறைமுகத்தில் வேலை, தஞ்சோங் பகாரில் வாசம். எங்கள் பாட்டனாரும் அப்படித்தான். அவர் நினைவாக எங்களிடம் இருந்தது ஒரு பழைய பாஸ்போர்ட்.

ஊரில் அந்தப் பெயரைச் சொன்னோம். ஒருவருக்கும் தெரியவில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாட்டன் பெயரையே பேரனுக்கும் வைத்துவிடுகிறோம். பள்ளிவாசலில் ஒரு பெரியவர், "பட்டப்பேரு என்ன?" என்றார். சிங்கப்பூரிலிருந்த அத்தாவுக்குப் போன் போட்டோம். வெகுநேரம் தயங்கித்தான் சொன்னார்கள். ஏன் அந்தத் தயக்கம் என்று அப்போது புரியவில்லை. பட்டப்பெயரைக் கேட்டதும் பெரியவர் எழுந்து, எங்கள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்துப் போனோம். கதவைத் திறந்த எழுபது வயது அம்மா கேட்டது: "பங்கு கேட்டு வந்தியளா?"

வாயடைத்து நின்றோம். இப்போது யோசித்தால் அந்தப் பயம் நியாயமானதே. ஊருக்குத் தேடிப் போகிறவர்கள் முதலில் இந்தப் பேச்சைத் தீர்த்துவிடுங்கள்.

அவர்கள் எங்கள் பாட்டனாரின் மகள். எங்களுக்கு மாமி. கைக்குழந்தையாக விட்டுவிட்டுக் கப்பலேறியவர் சில வருடம் மணியார்டர் அனுப்பினார், பிறகு நின்றுவிட்டது. இங்கே எங்கள் பாட்டியை நிக்காஹ் செய்திருந்தார். மார்க்கம் அனுமதித்த காரியம்தான். மறைத்ததுதான் வலித்தது. அவர் மௌத்தான செய்தியைக்கூட யாரும் ஊருக்கு எழுதவில்லை.

"எங்க அம்மா இத்தாகூட இருக்கலை மக்கா. புருஷன் வருவாகன்னு சொல்லிக்கிட்டே போய்ச் சேர்ந்துட்டாக" என்றார்கள் மாமி. அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

பிறகு, "அவுகளை எங்க அடக்கியிருக்கு?" என்று கேட்டார்கள். பிடாடாரியில் அடக்கினார்கள், 2001-லிருந்து 2006 வரை அங்கிருந்த கபர்களைத் தோண்டி எடுத்தார்கள், நம்மவர்களுடையவை சுவா சூ காங்கிற்குப் போயின என்றோம். "நீங்க போய்ப் பார்ப்பியளா?" என்றார்கள். ஒருமுறைகூடப் போனதில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னோம்.

திரும்பி வந்ததும் அத்தாவையும் அழைத்துக்கொண்டு போனோம். அங்கிருந்து மாமிக்கு வீடியோ கால் போட்டோம். அத்தாவும் மாமியும் முதன்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. மாமி அங்கே இருந்தபடியே யாசீன் ஓதினார்கள். முடியும் வரை அத்தா போனைத் தாழ்த்தவில்லை.

மண்டப வாசலில் குடும்ப வரைபடங்களை வைத்திருக்கிறார்கள். எங்களுடையதில் பாட்டனார் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு பெயர்கள். முதலில் மாமியின் அம்மா, அடுத்தது எங்கள் பாட்டி. அப்படி எழுதியதில் எங்கள் சாச்சாவுக்குச் சம்மதமில்லை. தன் தாயை இரண்டாவதாக எழுதிவிட்டோம் என்று வருத்தம். இன்று அவர்கள் வரவில்லை. நாளை வீட்டுக்குப் போய்ப் பார்க்க இருக்கிறோம்.