‘இணை நோய்’ உள்ளவருக்கு முதலில் ஊசி: அந்த ஒரு தாளை நாம் வாங்கிக் கொடுப்போம்

(நம் கட்சியின் மருத்துவர் அணி சார்பில், பூத் கமிட்டி உறுப்பினர்களுக்காக 2021 மார்ச் மாதம் இரண்டாவது வாரத்தில் நடந்த இணையவழிக் கூட்டத்தில் அணியின் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கடைசி வரை படியுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.)



பகல் முழுக்க வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டு, ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்க மாட்டேன். ஏப்ரல் 6-ஆம் தேதி வாக்குப்பதிவு. அதைப் பற்றி உங்களிடம் பேச நிறைய பேர் இருக்கிறார்கள். நான் தடுப்பூசி பற்றி மட்டும் பேசுகிறேன்.

போன வருஷம் முழுக்க, தினமும் சாயங்காலம் சுகாதாரத் துறை அறிக்கை வரும், ஞாபகம் இருக்கிறதா? இன்று இத்தனை பேருக்குத் தொற்று, இத்தனை பேர் இறப்பு என்று இருக்கும். இறந்தவர்களின் வயதைப் போட்டு, பக்கத்திலேயே சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு என்று எழுதியிருப்பார்கள். ‘இணை நோய்’ என்ற வார்த்தையை நம்ம ஊர்ல பாட்டிமார் வரைக்கும் கத்துக்கிட்டது அப்போதுதான்.

அந்த வார்த்தையைப் படித்ததும் நம்மில் பலர் என்ன செய்தோம்? “ஓ, அவருக்கு ஏற்கெனவே சுகர் இருந்திருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனோம். நமக்கு அது ஒரு சமாதானம். சர்க்கரையும் பிரஷரும் இருக்கிற ஒருவர் வீட்டில் உட்கார்ந்து அதே வரியைப் படித்தால் அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? இந்தியா முழுக்க நடந்த சர்க்கரை நோய் ஆய்வில், 2011-லேயே தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சர்க்கரை என்று கணக்கு வந்தது. ஒரு பூத்தில் ஆயிரம் ஓட்டு என்றால் நூறு பேர். அவர்களை உங்களுக்கு முகம் தெரியும், பெயர் தெரியும்.

இப்போது அதே ‘இணை நோய்’ அவர்களை வரிசையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. ஜனவரி 16-இல் மருத்துவப் பணியாளர்களுக்கு ஊசி தொடங்கியது. பிறகு முன்களப் பணியாளர்கள். மார்ச் 1 முதல் 60 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், 45 முதல் 59 வயது வரை குறிப்பிட்ட இணை நோய் உள்ளவர்களுக்கும் போடுகிறார்கள். அரசு மருத்துவமனையில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தனியார் மருத்துவமனையில் ஒரு ஊசிக்கு 250 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது.

உரிமை கிடைத்துவிட்டது. ஆனால், அந்த உரிமைக்கும் கையில் ஏறும் ஊசிக்கும் நடுவில் ஒரு தாள் இருக்கிறது. 60 தாண்டியவர் ஆதார் கார்டையோ வாக்காளர் அட்டையையோ காட்டினால் போதும். 45 முதல் 59 வரை உள்ளவர், “இவருக்கு இன்ன நோய் இருக்கிறது” என்று பதிவு பெற்ற மருத்துவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழைக் கொண்டுபோக வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் திரும்பி வந்தவர்களை நானே பார்த்தேன். அதனால்தான் இன்றைக்கு உங்கள் நேரத்தைக் கேட்டேன்.

முதலில் வயது. 2022 ஜனவரி 1 அன்று 45 நிறைந்திருந்தால் போதும் என்பதுதான் விதி. அதாவது, இன்றைக்கு 44 வயசு, இந்த வருஷக் கடைசிக்குள் 45 ஆகும் என்றால் அவரும் உண்டு. 60-க்கும் இதே கணக்குதான். நிறைய பேர் இது தெரியாமல் வீட்டில் இருக்கிறார்கள்.

அடுத்து நோய். மத்திய அரசின் பட்டியலில் மொத்தம் 20 இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்தால் தூங்கிவிடுவீர்கள். நம் தெருவில் அதிகம் இருப்பதைச் சொல்கிறேன்.

சர்க்கரை: பத்து வருஷத்துக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது கண், கால், சிறுநீரகம் என்று பாதிப்பு வந்திருக்க வேண்டும். அதோடு பிரஷருக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு.

இதயம்: மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர், கூடவே சர்க்கரைக்கோ பிரஷருக்கோ சிகிச்சையில் இருக்க வேண்டும். இதயம் பலவீனமாகி ஒரு வருஷத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் வருவார்கள்.

பக்கவாதம்: ஸ்கேனில் உறுதியாகி, சர்க்கரைக்கோ பிரஷருக்கோ சிகிச்சையில் இருப்பவர்கள்.

சிறுநீரகம், கல்லீரல்: டயாலிசிஸ் செய்பவர்கள், மாற்று உறுப்பு பொருத்தியவர்கள், அதற்காகக் காத்திருப்பவர்கள், முற்றிய கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்கள்.

புற்றுநோய்: 2020 ஜூலை 1-க்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்கள், இப்போது சிகிச்சையில் இருப்பவர்கள். ரத்தப் புற்றுநோயும் இதில் உண்டு.

நுரையீரல்: கடுமையான மூச்சுக் கோளாறால் இரண்டு வருஷத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள்.

இவை தவிர, ஸ்டீராய்டு மாதிரி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளை நீண்ட நாளாகச் சாப்பிடுபவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகள். இந்தக் கடைசி வரியில் இருப்பவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறோம். நீங்கள் மறக்காதீர்கள்.

போன வாரம் என் கிளினிக்குக்கு ஒரு அம்மா வந்தார்கள். 52 வயது. வீட்டோடு இட்லிக் கடை. பதினாலு வருஷமா சுகர், பிரஷருக்கும் மாத்திரை, ரெண்டு காலும் மரத்துப்போகுது. “ஊசி போட்டாச்சாம்மா?” என்று கேட்டேன். “சுகர் இருக்கறவங்க போட்டா ஆகாதுன்னு எதிர் வீட்ல சொன்னாங்க டாக்டர். அதான் பயந்துக்கிட்டு இருக்கேன்” என்றார்கள். யாருக்கு முதலில் போட வேண்டும் என்று அரசாங்கம் சொல்கிறதோ, அவர்தான் தனக்கு அது ஆகாது என்று ஒதுங்கி நிற்கிறார்! மஞ்சள் பையில் மடித்து வைத்திருந்த பழைய ரிப்போர்ட்டுகளைப் பார்த்து, அங்கேயே சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் போட்டுக்கொண்டு வந்து, “கை மட்டும் வலிக்குது, வேற ஒண்ணுமில்ல” என்றார்கள்.

வீட்டுக்கு வீடு இதைச் சொல்லுங்கள். சர்க்கரையும் பிரஷரும் இருப்பது ஊசியைத் தவிர்க்கக் காரணம் இல்லை. சீக்கிரம் போட்டுக்கொள்ளத்தான் அது காரணம். போட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், உடம்பு வலி, அசதி வரலாம். போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள், அவசரப்பட்டுக் கிளம்பக் கூடாது. வழக்கமான மாத்திரையை அன்றைக்கு நிறுத்தக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும், முன்பு ஏதாவது மருந்துக்கு கடுமையான அலர்ஜி வந்தவர்களும் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். இரண்டாவது ஊசிக்குக் குறித்துக் கொடுக்கும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். முகக்கவசத்தைக் கழற்ற இன்னும் காலம் வரவில்லை.

இப்போது உங்கள் வேலை. உங்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருக்கிறது. அதில் வயது அச்சடித்திருக்கிறது. 44 முதல் 59 வரை உள்ள பெயர்கள், அதற்கு மேல் உள்ள பெயர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வீடுகளுக்குப் போகும்போது இந்தத் தகவலைச் சொல்லுங்கள். எந்த வீட்டில் யாருக்கு ஓட்டு என்று உங்களுக்குத் தெரியும். அதைப் பார்க்காமல் எல்லா வீட்டிலும் சொல்லுங்கள்.

சான்றிதழை அரசு மருத்துவர்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவரே, பதிவு பெற்றவராக இருந்தால், கொடுக்கலாம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். கோவின் இணையதளத்தில் பதிவு செய்யும்போதே சான்றிதழை ஏற்றலாம், கையிலும் கொண்டுபோகலாம். ஒரே போன் நம்பரில் நான்கு பேர் வரை பதியலாம். ஸ்மார்ட்போன் இல்லாதவர் நேரில் போயும் பதியலாம். சந்தேகம் என்றால் 104-க்கு போன் போடச் சொல்லுங்கள்.

மூன்று விஷயங்களில் கவனமாக இருங்கள்.

ஒன்று, வாசலில் நின்றுகொண்டு, நாலு பேர் கேட்க “உங்களுக்கு என்ன நோய்?” என்று கேட்காதீர்கள். பட்டியலில் இருக்கும் நோய்களைச் சொல்லிவிட்டு, “இதுல ஏதாவது இருந்தா உங்க டாக்டரைப் பாருங்க” என்று நகர்ந்துவிடுங்கள். சான்றிதழில் நோயின் பெயர் இருக்கும். அதை வாங்கிப் படிக்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். எச்.ஐ.வி. உள்ள ஒருவருடைய நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் அது பெரிய பாவம்.

இரண்டு, தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கிறது. கட்சிக் கொடி கட்டிய வண்டியில் யாரையும் ஊசி போடக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. தோளில் துண்டோடு மையத்துக்குள் நுழையக் கூடாது. “நாங்கதான் போட்டுக் குடுத்தோம், மறந்துடாதீங்க” என்ற பேச்சே வேண்டாம். அது மக்கள் வரிப்பணத்தில் வந்த மருந்து.

மூன்று, கொஞ்சம் கசப்பான விஷயம். நம் கட்சிக்காரர் ஒருவரே என்னிடம் வந்தார். நல்லா இருக்கிறார், 48 வயது, ஒரு நோயும் இல்லை. “பிரச்சாரத்துல கூட்டத்துல அலையறோம் டாக்டர், சுகர்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க” என்றார். அவர் பயம் நியாயமானதுதான். ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட்டேன். கோபத்தோடு போனார். பொய்ச் சான்றிதழால் முன்னால் போகிற ஒவ்வொருவரும் ஒரு டயாலிசிஸ் நோயாளியைப் பின்னால் தள்ளுகிறார். இந்தக் கூட்டத்தில் இருக்கும் யாரும் எந்த மருத்துவரிடமும் அப்படி ஒரு சீட்டைக் கேட்கக் கூடாது. நம்முடைய முறை வரும், அப்போது போட்டுக்கொள்வோம்.

கடைசியாக, என்னால் உதவ முடியாத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். 41 வயது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். ஊரடங்கில் எல்லோரையும் வீட்டுக்குள் இருக்கச் சொன்னபோதுகூட அவர் வெளியே வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் உயிர் இல்லை. நாலைந்து மணி நேரம் மற்ற நோயாளிகளோடு ஒரே அறையில் படுத்திருக்க வேண்டும். அவருடைய நோய் பட்டியலில் இருக்கிறது. வயது இல்லை. “நோய்க்கு வயசு தெரியுமா சார்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அவருக்காக நாம் செய்யக்கூடியது இரண்டு. அவருடைய அப்பா, அம்மா இருவரும் 60 தாண்டியவர்கள். அவர்களுக்கு உடனே போட வைத்தேன். வீட்டுக்குள் நோய் நுழையும் வழி கொஞ்சமாவது குறையட்டும். உங்கள் பகுதியிலும் இப்படி ஒரு இளம் நோயாளி இருந்தால், அவர் வீட்டுப் பெரியவர்களை முதலில் அனுப்புங்கள். இன்னொன்று கோரிக்கை. டயாலிசிஸ், புற்றுநோய், உறுப்பு மாற்று போன்ற கடும் நோய் உள்ளவர்களுக்கு 45 என்ற வயது வரம்பை எடுக்க வேண்டும். இதை மருத்துவர் அணி எழுத்தில் வைக்கிறது. நீங்களும் பேசும் மேடையில் எல்லாம் பேசுங்கள்.

நாளைக் காலையில் பிரச்சாரத்துக்குக் கிளம்பும்போது, பையில் நோட்டீசோடு இந்த நோய்ப் பட்டியலையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்சிப் பெயர், சின்னம் எதுவும் அதில் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே ஒருவரை நீங்கள் ஊசி போட வைத்தால்கூட, இன்னொரு சாயங்கால அறிக்கையில் ‘இணை நோய் இருந்தது’ என்ற வரியோடு ஒரு உயிர் முடிந்துபோகாமல் இருக்கலாம்.

போய்ச் சாப்பிடுங்கள். நாளை சந்திப்போம்.

(உங்கள் வீட்டில், தெருவில் 45 முதல் 59 வயதுக்குள் இணை நோய் உள்ளவர்கள் இருந்தால் இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்கள். நோய் விவரங்களையோ சான்றிதழ் படங்களையோ கமெண்டில் போட வேண்டாம்.)