மஞ்சள் காசும் மாதத் தவணையும்

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மூட்டை ஏலம் போனால்தான் பல வீடுகளில் காசு புரளும். வங்கித் தவணையோ மாதம் தவறாமல் வந்து நிற்கும். அதனால் வீட்டுக்கடனுக்குக் கணக்குப் போடும்போது, விலை விழுந்த வருஷத்து வருமானத்தை வையுங்கள்.

வட்டியும் ஓரிடத்தில் நிற்காது. 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 4-லிருந்து 6.5 சதவீதமாக ஏற்றியது; மாறும் வட்டி வீட்டுக்கடன்களும் அதோடு ஏறின. 20 லட்சம், 20 வருஷக் கடன் என்றால், 7 சதவீதத்தில் மாதம் சுமார் 15,500 ரூபாய், 9.5 சதவீதத்தில் 18,640. தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டினால் கேட்க இதமாகத்தான் இருக்கும், வட்டி கூடுவது கண்ணில் படாது!

மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கி அபராதம் போட முடியாது. ஆகவே தவணையைத் தாங்கும் அளவில் வைத்து, மஞ்சள் விற்ற மாதம் அசலில் ஒரு தொகையைக் கட்டிவிடலாம்.